நாய் குறுக்கே வந்தது

திண்டிவனத்திலிருந்து வேலைக்காகத் திருப்பதிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன மாதம் ரேணிகுண்டா ரோட்டில் பைக்கோடு விழுந்தோம். அதிலிருந்து என் மனைவி தேவசேனாவால் தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

"நாய் குறுக்கே வந்துடுச்சு. இவரு என்ன பண்ணுவாரு, டாக்டர்?" என்று எனக்காக அவளே பேசினாள்.

டாக்டர் அவளுடைய இரண்டு தோள்களின் எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"குடி?"

எக்ஸ்ரேயில் அதுகூடவா தெரியும்?

"ஆமா சார். ஒரு குவார்ட்டர்தான். இனிமே தொட மாட்டேன்னு திருமலையில மொட்டை போட்டு இவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். அதனால பாக்கைப் போட்டு வாடையை மறைச்சேன். நாய் எதுவும் வரல சார். என்னாலதான் இவ தோளு போச்சு."

டாக்டர் விழித்தார். நர்ஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணா, தெலுங்குல குடின்னா வலது. வலி வலது தோள்லயான்னு சார் கேட்டாரு."

டாக்டர் படத்தில் விரல் வைத்து ஏதோ விளக்கினார். நர்ஸ் அதையும் தமிழில் சொன்னார்.

"தோள் மேல இருக்குற எலும்பு இவங்களுக்குக் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்காம். அது உள்ளே தசைநாரை ரொம்ப வருஷமா உரசிக்கிட்டே இருந்திருக்கு. அன்னைக்கு விழாம இருந்திருந்தாலும் இந்த வலி வந்திருக்குமாம். உங்க மேல தப்பே இல்லண்ணா."

தேவசேனா படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அந்த நாய்க்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிட்டிருந்தேங்க" என்றாள்.