கிள்ளிட்டியா நைனா?

ஜன்னலில் இருந்த தொட்டிச் செடியின் உச்சியில் துளசிக்கதிர் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது.

ஆதிநாராயணன் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்தார். வைத்த விரல் வைத்தபடியே நின்றது.

பால் வாங்கிக்கொண்டு போன எதிர்வீட்டுக் கமலம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, செடிக்கு நாடி பாக்கிறியா? கிள்ளிப் போடு. பூ வுட்டா இந்தக் குரோட்டன்ஸ் போயிடும்னு ரூபா சொல்லுமே."

குரோட்டன்ஸ் என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வரும். கோலியஸ்.

ஸ்ரீ சிட்டி கம்பெனியில் சேர்ந்த முதல் மாசம் ரூபா வாங்கிவந்து, தன் கட்டில் பக்கத்து ஜன்னலில் வைத்த செடி. நடுவில் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் கிளிப்பச்சை. இலைக்காகத்தான் இதை வளர்ப்பது என்பாள். கதிர் வந்தால் அன்றைக்கே கிள்ளி எறிவாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே நினைப்பு. துணைக்கு அத்தைக்காரி இருந்தாள். தோப்பில் மாங்காய் இறங்குகிற நேரம். இவர் போவதும் வருவதுமாக இருந்தார். வராத நாளில் போன் வரும். மூச்சு வாங்க வாங்கக் கேட்பாள்.

"கிள்ளிட்டியா நைனா?"

"கிள்ளிட்டேன்மா."

அவள் வீடு திரும்பவில்லை. அவள் செடியும் காய்ந்துபோனது.

இது விதையிலிருந்து வந்த கன்று. விதை என்றால் கசகசாவைவிடப் பொடி. வேர்க்கடலை போட்டே பழகிய கை சும்மா இருக்குமா, சொல்லுங்கள். முதல் தடவை மேலே மண் தள்ளி மூடிவிட்டார். ஒன்றும் வரவில்லை. இதற்கு வெளிச்சம் பட வேண்டுமாம். மிச்சத்தை ஈரமண்மேல் தூவி, மூடாமல், அவள் ஜன்னலிலேயே வைத்தார்.

முளைத்ததெல்லாம் வேறு வேறு நிறம். மஞ்சள், கருஞ்சிவப்பு, வெறும் பச்சை.

இந்த ஒன்றில் மட்டும் நடுவில் சிவப்பு, ஓரத்தில் கிளிப்பச்சை.

"இத்த எல்லாரும் கிளைய ஒடிச்சித்தான் நடுவாங்க. உனுக்கு மட்டும் விதை எங்கண்ணா கெடைச்சிது? புத்தூர் நர்சரியிலயா?"

பால் காய்ச்சணும் என்று கமலம்மா போய்விட்டாள்.

எந்த நர்சரியிலும் வாங்கவில்லை.

மாம்பூ கொட்டிவிடக்கூடாதே என்று வருஷா வருஷம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட மனுஷர். பூ வைத்த செடியில் நகம் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அவள் போனில் கேட்ட ஒரு நாளும் அவர் கிள்ளவில்லை. அவள் செடி பூத்தது, விதை கட்டியது, உதிர்த்துவிட்டுக் காய்ந்தது.

கட்டிலில் மடித்த போர்வை மடித்தபடியே இருந்தது.

ஆதிநாராயணன் நகத்தை அழுத்தினார். கதிர் சத்தமில்லாமல் கையோடு வந்தது.

"கிள்ளிட்டேன்மா," என்றார், கட்டில் பக்கம் திரும்பாமல்.