மூச்சு பற்றிய பக்கம்

பழைய புத்தகக் கடையின் கடைசி வரிசையில், மினுக்கும் குழல்விளக்கின் கீழே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். மூத்தவள் நர்சிங் பள்ளியில் சேரப் போகிறவள். கணவன் இறந்த பிறகு எடுத்த முடிவு. துணைக்கு வந்திருப்பவள் அவனுடைய தங்கை. "பாஸ் பண்ண இது போதும்மா," என்று கடைக்காரர் மெல்லிய கேள்வி பதில் புத்தகத்தை நீட்டுகிறார். மூத்தவள் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். "நோயாளியை எப்படிப் பார்த்துக்கணும்னு விளக்கமா இருக்குமே, அந்த மாதிரி வேணும்." அவர் ஏணியில் ஏறி, அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்றை இறக்கித் தூசி தட்டித் தருகிறார். வரிகளின் மேல் நகரும் அவள் விரல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. "என்ன அண்ணி?" தங்கை எட்டிப் பார்த்து அந்த வரியை வாசிக்கிறாள்: மூச்சுத் திணறும் நோயாளியைப் படுக்கவைக்காமல், தலையணைகள் கொடுத்துச் சாய்வாக உட்காரவைக்க வேண்டும். "படுக்கக்கூட விடாம எங்க அண்ணனைக் கொன்னுட்டீங்களே" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கத்தியவள் இவள்தான். தெருவில் ஒரு பேருந்து உறுமிக்கொண்டு போகிறது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. "எனக்கும் அப்போ தெரியாதும்மா," என்கிறாள் மூத்தவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உட்கார்ந்தா அவருக்குக் கொஞ்சம் சுகமா இருந்துச்சு. அவ்வளவுதான்." தங்கை அண்ணியின் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, பில் போடும் மேசையை நோக்கி நடக்கிறாள்.