மேகத்துக்குள் இரண்டு மலைகள்

செயின்ட் லூசியாவின் மலைப்பாதை வளைவொன்றில், கொட்டும் மழையில் ஒரு வாடகைக் கார் உறுமியபடி நிற்கிறது. பார்படோசிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மாமியார் யூடோராவிடம் தன் தீவின் இரட்டை மலைகளைக் காட்டி ஒரே ஒரு பாராட்டு வாங்கிவிடக் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறான் ஃபெலிசியன். வைப்பர் கீச்சிடுகிறது, கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. ஆனாலும் மலையைத் தானே கட்டி முடித்தவன்போல் கைநீட்டி, "அதோ பாருங்க அத்தை, கடலுக்குள்ளேர்ந்தே எழும்பி நிக்குது!" என்கிறான். "எங்க ஊர்லயும் மேகம் இருக்கு மாப்ள, நல்ல ரோட்டோட," என்று பொரித்த ரொட்டியைக் கடிக்கப் போகிறார் யூடோரா. அப்போது மேகம் கிழிகிறது. ஈரப் பச்சையில் இரண்டு சிகரங்கள், மார்பெங்கும் திடீர் அருவிகள், காலடியில் ஈய நிறக் கடல். ரொட்டி வாயருகிலேயே நின்றுவிடுகிறது. மேகம் மூடிய பிறகும் ரொட்டி பிடித்த கை இறங்கவில்லை. "பரவால்ல, கொஞ்சம் உயரம்தான்," என்கிறார் யூடோரா. பிறகு கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல், "எஞ்சினை அணைங்க மாப்ள. மறுபடி திறக்குமில்ல?"