நம்மூருப் பொண்ணு

"ஃபிட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, இப்பவே வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருவேனுங்க டாக்டர்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

பனியன் கம்பெனி மேனேஜர் அவர். பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றாள் முத்துப்பேச்சி. காலையில் அயர்ன் டேபிள் முன்னாலேயே மயங்கி விழுந்தவள்.

டாக்டர் ஜோதிகா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாள்.

"மொதல்ல புள்ளையை உக்காரச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் ஏழுதானுங்க இருக்குது. பன்னெண்டு இருக்கோணும்."

"சாப்பிடாம வந்திருக்கும்ங்க. தெக்கத்திப் புள்ளைங்களே இப்படித்தான். ஊருக்குப் போக லீவு வேணும்னா மயக்கம் வந்துரும். நமக்குத் தெரியாதுங்களா அவங்களை?"

"நல்லாத் தெரியுமுங்க."

நாற்காலியில் உட்கார்ந்த முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜருக்குத் தெம்பு வந்தது. "டாக்டருக்கு எந்தப் பக்கமுங்க?"

"அவிநாசிங்க. ஒரு தோட்டத்துக்குள்ளதான் ஊடு இருந்துச்சு."

"அதானே பார்த்தேன்! பேச்சுலயே தெரியுதுங்களே. நம்மூருப் பொண்ணு, உங்களுக்குக் கம்பெனி கஷ்டத்தைச் சொல்லோணுங்களா? நாளன்னிக்கு வெளிநாட்டுக்காரங்க ஆடிட் வர்றாங்க. வேலை செய்யறப்ப ஆள் விழுந்துச்சுன்னு ரிஜிஸ்டர்ல ஏறுச்சுன்னா, ஆர்டரே போயிருமுங்க."

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் எம்.டி.

"அந்தக் கம்பெனிக்காரங்க ரெண்டாயிரம் பேரை நம்மகிட்டதாம்மா அனுப்பறாங்க. பார்த்து முடிச்சு விடு."

"சரிங்க சார். ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்பி வெக்கறேன். ஃபிட்டுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுடறீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு, நீயே பார்த்துக்க" என்று எம்.டி. போனை வைத்துவிட்டார்.

ஜோதிகா நிதானமாக எழுதினாள். வேலை நேரத்தில் மயக்கம். இரும்புச்சத்து ஊசி. பத்து நாள் கட்டாய ஓய்வு.

சீட்டைப் படித்த மேனேஜரின் முகம் சுருங்கியது. "நம்ம சனமா இருந்துட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. போயிட்டு வாங்க."

அவர் விருட்டென்று எழுந்து போனார்.

அதுவரை தன்னை அடக்கி வைத்திருந்த முத்துப்பேச்சி உடைந்து அழுதாள்.

"லீவு வேண்டாம் டாக்டரம்மா. என்னைய வேலய விட்டு நிப்பாட்டிருவாக. ஊர்ல அய்யாவுக்கும் மேலுக்குச் சரியில்ல. நீங்க வசதியா வளந்தவுக, எங்க கஷ்டம் ஒங்களுக்குத் தெரியாது!"

ஜோதிகா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அழாத. நிப்பாட்டுனா எங்கிட்ட வா, நான் கேக்கேன். எங்கம்மையும் சங்கரங்கோயில்லருந்து என்னைய இடுப்புல தூக்கிட்டு வந்து, இதே மாதிரி அயர்ன் டேபிள்ல நின்னவதான்ட்டி."