பூனைக்குள் ஒரு பாட்டு

ஒரு சாம்பல் பூனையின் காது மடலில் குறுணை, தவிடு என்று இரண்டு சொறிப்பூச்சிகள் குடியேறின. வந்த முதல் நாளே அடியிலிருந்து 'குர்ர்... குர்ர்...' என்று ஒரு பாட்டு எழுந்தது. வெதுவெதுப்பான தரை மெல்ல அதிர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டுக்கும் வேறு நினைப்பே இல்லை.

"பாட்டு இந்தத் தோலுக்குக் கீழேதான் இருக்கிறது. தோண்டி எடுத்து நாமே வைத்துக்கொள்ளலாம்" என்றது குறுணை.

இரண்டும் தோண்டின. பாட்டு நின்றுவிட்டது.

"நீ தடதடவென்று தோண்டினாய். அது பயந்து உள்ளே போய்விட்டது" என்றது தவிடு.

"எட்டுக் காலையும் உதறி உதறி நடக்கிற நீயா இதைச் சொல்வது? பேசாமல் தோண்டு."

இன்னும் ஆழமாகத் தோண்டின. பூனை பின்னங்காலால் காதைப் பிறாண்டியது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ரத்தம் கசிந்தது. பல நாள் அதற்கு உறக்கமே இல்லை. பாட்டும் வரவில்லை.

ஒரு மத்தியானம் இரண்டு பூச்சிகளும் களைத்துப்போய்க் குழியிலேயே தூங்கிவிட்டன. பூனைக்கு அரிப்பு அடங்கியது. வெயிலில் சுருண்டு படுத்து, கண்ணை மூடி, 'குர்ர்' என்றது. பாட்டு குழியெல்லாம் நிறைந்து, தூங்கிய இரண்டையும் தொட்டில்போல ஆட்டியது.

நெடுநேரம் கழித்துத் தவிடு விழித்தது. "குறுணை, கனவில் அந்தப் பாட்டைக் கேட்டேன்."

"நானும் கேட்டேன். இதோ, இந்தக் குழிக்குள்ளேயே கேட்டது."

"அப்படியானால் கிட்டே வந்துவிட்டோம்."

இரண்டும் அவசர அவசரமாகத் தோண்டத் தொடங்கின. பூனை கண்ணைத் திறந்தது.