துறைத்தலைவரை அழவைத்த நாவல்

பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் செய்திமடல் அக்கா. விடுமுறை வந்தாலே அவளுக்குத் தலைவலியும் வந்துவிடும். ‘பேராசிரியர்கள் பரிந்துரைக்கும் புத்தகங்கள்’ என்று ஒரு பக்கம் போட்டாக வேண்டும். ஒருத்தரும் எழுதித் தர மாட்டார்கள்.

“நீங்களே ஏதாவது எழுதி என் பேரைப் போட்டுடுங்கம்மா” என்றார் துறைத்தலைவர், வழக்கம்போல.

கிடங்கில் விற்காமல் முடங்கிக் கிடந்த ஒரு நாவலை எடுத்தாள். பின்னட்டையை மட்டும் மேய்ந்துவிட்டு அலுப்போடு தட்டினாள்: ‘கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன். இவரை இத்தனை காலம் படிக்காமல் இருந்தது என் குற்றம்.’

மடல் வெளிவந்த மறுநாள் ஒரு பெண்மணி அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

“அந்த நாவலை எழுதினது நான்தான். புனைபெயர்ல எழுதறேன்.”

“ரொம்ப சந்தோஷம், உட்காருங்கம்மா.”

“என் வீட்டுக்காரர் என் எழுத்துல ஒரு பக்கம்கூடப் புரட்டினதில்லை. வெறுத்துப்போய் அம்மா வீட்டுக்குக் கிளம்பப் பெட்டி கட்டிட்டேன். நேத்து உங்க மடலைப் பார்த்ததும் பெட்டியைப் பிரிச்சிட்டேன். அந்த மனுஷன் அழுதிருக்காரே!”

அக்கா மேசைமேல் கிடந்த மடலைப் பார்த்தாள். “உங்க வீட்டுக்காரர்...?”

“உங்க துறைத்தலைவர்தான். ராத்திரி சாப்பிடறப்போ மெதுவா கேக்கணும், எந்த இடத்துல அழுதீங்கன்னு.”

அவர் படியிறங்கியதும் அக்கா பாய்ந்து போனை எடுத்தாள்.

“சார், நீங்க அழுத நாவலை ராத்திரிக்குள்ள தயவுசெஞ்சு படிச்சிடுங்க!”

“எனக்கேதும்மா நேரம்? அதையும் நீங்களே படிச்சிடுங்க” என்றார், வழக்கம்போல.