பதினேழு தடவை எழுந்தவர்

எட்வின் தன் மலை சைக்கிளை வீட்டிலேயே ஒவ்வொரு பாகமாகப் பூட்டி உருவாக்கினார். எல்லாம் புதுசு; சீட் மட்டும் பதினொரு வருஷம் ஆபீஸ் போய்வந்த பழைய சைக்கிளுடையது. பரணில் இன்னொரு புதுச் சீட் பெட்டி பிரிக்காமல் இருந்தது. "முதல் பயணத்தில் இது ஒத்துவருதா பார்ப்போம், இல்லேன்னா மாத்திடலாம்" என்று அவர் சொன்னது பழைய சீட்டின் காதில் விழுந்துவிட்டது.

மலையில் கல்லும் வேருமான இறக்கம் வந்ததும் எட்வின் சட்டென்று எழுந்து நின்றார். ஆபீஸ் வழியில் ஒரு நாளும் அப்படி எழுந்ததில்லை. அவர் எழுந்ததையெல்லாம் சீட் எண்ணிக்கொண்டே வந்தது.

அடிவாரத்தில் பெடலிடம் மெல்லச் சொன்னது: "பதினேழு தடவை எழுந்துட்டார், தம்பி. என்னைப் பிடிக்கலை போல."

"அட போங்கண்ணே! கல்லுல குலுங்கும்னு எழுந்திருக்கார். அப்பெல்லாம் பாரம் முழுக்க என் தலையில, நோகறது நீங்களா? சரி, உட்கார்ந்தது எத்தனை தடவை?"

சீட் அதை எண்ணவே இல்லை. கிளம்பும்போது ஒன்று, எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் பிறகு ஒன்று. சீட்டின் மேலே எட்வின் "அப்பாடா" என்று ஆற அமர உட்கார்ந்திருந்தார்.

"பதினெட்டு" என்றது சீட், கூச்சத்தோடு.